நான் வாசிக்காத பெருங்காய டப்பா

மகளே,

நேற்று நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன பிறகு நானும் உன் அம்மாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், உதடு அசைய அசைய. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷ் என்றால் எனக்கு அலுவலகக் கை வந்துவிடும். கோபத்தைக்கூட 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது' என்றுதான் சொல்வேன். இன்றைக்கு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. தயவுசெய்து இதை, ஃபோனில் கேட்டதையெல்லாம் உனக்கு எழுதித் தருகிற அந்த ஏஐ இயந்திரத்திடம் கொடுத்து, நாலு வரியில் சுருக்கித் தா என்று கேட்காதே. அது சுருக்கித் தரும், ரொம்ப நன்றாகவே தரும். அதுதான் என் பயமே. உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் அம்மா வாசித்துவிட்டாள். பொடி வறுக்க வருகிற சுனிதா கேட்டால் அவளுக்கும் இந்தியில் சொல்லுவேன். ஒளித்து வைத்ததெல்லாம் போதும்.

விஷயம் ஒன்றுதான். நாளைக் காலை நம் பொடியை விற்கிற இணையப் பக்கத்தில் என் பெயரில் ஒரு பதிவு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருக்கிறாய். அது வெளியாகக் கூடாது. இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். மீதியெல்லாம் நீ கோபத்தில் மறந்துவிட்டதை நினைவுபடுத்துவதற்கு.

நீ இங்கே புனேயில் அந்த ஹிஞ்சேவாடி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் இட்லிப் பொடியை விற்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது, நான் ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனி காரில் போய், கம்பெனி காரில் வந்துகொண்டிருந்த பிள்ளை, கோந்த்வாவில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்கு ஆற்றாமை. நான் அப்போதுதான் ஓய்வு பெற்று, பேப்பரில் ஒரு வரி விடாமல் வாசித்து, கேட்க ஆள் இல்லாமல் உன் அம்மாவிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவள் பொறுக்க முடியாமல்தான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வந்து, "அப்பா, நம்ம பேஜுக்கு எழுத ஆள் வேணும், நீங்க எழுதுங்க" என்றாய். நான் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் நிறுவனம் தரமான பொடி வகைகளை நியாயமான விலையில் வழங்கி வருவதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்ற மாதிரி இங்கிலீஷில். நீ வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷமே வந்துவிட்டது. "அப்பா, இது சர்க்குலர். இதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டு சீல் வெச்சா நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம். யார் படிப்பா?" என்றாய்.

அப்புறம் மிளகாய் கருகின நாள் வந்தது. அம்மா, ஊரிலிருந்து ஃபோன் செய்த தன் அக்காவோடு பேச்சில் மூழ்கிவிட்டாள், வாணலியை மறந்தாள், அன்றைய வறுவல் முழுக்கக் கரி. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்ப முடியாது. நீ ஏதேதோ காரணம் யோசித்துக்கொண்டிருந்தாய். நான் எரிச்சலில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்: இன்று மிளகாய் கருகிவிட்டது. என் மனைவி அவள் அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். கருகியதை விற்க மாட்டோம். பொடி நாளை மறுநாள் வரும். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களை நீ வாய்விட்டு வாசித்தது ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் அந்த அக்கா சௌக்கியமா என்று விசாரித்திருந்தார்கள்! உன் அம்மா மட்டும், "எம் மானத்த ஊரு பூரா வித்துட்டியளே" என்று எனக்கு அன்று காபி தரவில்லை. அன்றைக்குத்தான் நீ எனக்கு ஒரு விதி சொன்னாய். "அப்பா, இதுதான். நடந்ததை மட்டும் எழுதுங்க. நீங்க கண்ணால பாக்காத எதையும் எழுதாதீங்க." விதி போட்டது நானில்லை, தாயே. நீ போட்டது. நான் அதற்குப் படிந்து நடந்தவன்.

படிந்தேன் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு தடவை ஆசைப்பட்டு 'கையால் இடித்த பொடி' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். கேட்க நன்றாக இருக்கிறதே என்றுதான். நீ ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். "மிக்ஸிக்குக் கை எங்கப்பா இருக்கு? காட்டுங்க" என்றாய். வெட்டி எறிந்தாய். இன்னொரு தடவை கடலைப்பருப்பு ஜாஸ்தி, வாயில் ஒட்டுகிறது என்று ஒருவர் எழுதியபோது, நான் அவருக்கு அலுவலக பாணியில் மறுப்பு எழுத உட்கார்ந்தேன். நீ அவர் எழுதியதையே எடுத்து மேலே போட்டு, அவர் சொன்னது சரி, குறைத்திருக்கிறோம் என்று எழுத வைத்தாய். நான் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினேன். ஆனால் அந்த ஆளே பிறகு தன் தெருவுக்கெல்லாம் நம் பொடியைச் சொன்னார். இப்படித்தான் பக்கம் வளர்ந்தது. மராத்திக்காரர்கள் நான் எழுதுவதற்கு மேலே நீ 'அப்பா எழுதுகிறார்' என்று போட்ட தலைப்பிலிருந்த அப்பாவைப் பெயர் என்றே எடுத்துக்கொண்டு, 'அப்பா காகா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்த இந்த உறவு எந்த மொழியில் உண்டு என்று நாம் சிரித்திருக்கிறோம். எனக்கு உள்ளூர அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவனை யாரும் பெயர் சொல்லித் தேடினதில்லை.

பிறகு என் கண் ஆபரேஷன். முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் கழித்து மறு கண். ஃபோனைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, அழக் கூடாது என்றெல்லாம் டாக்டர் சொல்லிவிட்டார். பதிவு நின்றது, ஆர்டரும் குறைந்தது. நீ நெருக்கடியில் இருந்தாய், எனக்குத் தெரியும். என் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அந்த இயந்திரத்துக்கு ஊட்டி, அப்பா மாதிரியே எழுது என்று கேட்டிருக்கிறாய். அது எழுதியது. எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். கூரியரில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு சீசா தைலம், கூடவே 'அப்பா காகாவின் முட்டுக்கு' என்று ஒரு சீட்டு. உன் அம்மா சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பம் முட்டு வலிச்சுது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றாள். நான் முழித்தேன். நீதான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து சொன்னாய், புனே மழையில் முட்டு வலிப்பதாகவும், சூடான சாதத்தில் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டால் வலி மறந்துபோவதாகவும் நான் எழுதியிருக்கிறேன் என்று. நாம் மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இப்போது மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. கட்டு பிரித்த பிறகு நான் அந்தப் பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து வாசித்தேன். நன்றாக இருந்தன, மகளே. என்னைவிட நன்றாக இருந்தன. நான் கருகின மிளகாயைப் பற்றி நாலு வரி எழுதினால், அது மழை, சன்னல், பழைய ரேடியோ என்று எங்கெங்கோ போய்விட்டு மிளகாய்க்கு வந்தது. கீழ்வீட்டு வங்கிக்காரர் லிஃப்டில் பார்த்து, "மழையைப் பத்தி எழுதினது பிரமாதம் சார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ்" என்றேன். லிஃப்ட் தரைக்கு வருவதற்குள், அது நானே எழுதினதுதான் என்று பாதி நம்பியும் விட்டேன். கண் சரியான பிறகும், நான் எழுதுகிறேன் என்று உன்னிடம் கேட்கவில்லை. எழுதினால் இதைவிட மட்டமாகத்தான் இருக்கும் என்று கூச்சம். புகழ்ச்சி சும்மா வீடு தேடி வரும்போது யாருக்குத்தான் கசக்கும்?

இனி கோதுமைக்கு வருகிறேன். யாரோ ஒருவர் பதிவின் கீழே, உங்கள் இட்லிப் பொடியில் க்ளூட்டன், அதாவது கோதுமையில் இருக்கிற பசைச்சத்து, உண்டா என்று கேட்டிருந்தார். நீ அறையிலிருந்து ஃபோன் செய்தாய். இரண்டாவது கண்ணில் மூடி ஒட்டி நான் படுத்திருந்தேன். "அப்பா, பொடில கோதுமை ஏதாவது இருக்கா?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஏட்டி, இட்லிப் பொடில எவன் கோதும போடுவான்? சப்பாத்தின்னு நெனச்சியா?" என்று சிரித்தேன். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு, பெருங்காயம். இதில் கோதுமை எங்கிருந்து வரும்? நீயும் சிரித்தாய். நம் வீட்டில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பெருங்காயம் என்றால் நமக்குப் பெருங்காயம். அது ஒரு வாசனை. அதற்குள்ளே இன்னொரு பொருள் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? இதுவரை சரி, இது தெரியாமல் நடந்த பிழை. ஆனால் நீ அந்த இயந்திரத்திடம் 'கோதுமை இல்லை, அப்பா பதில் சொல்கிற மாதிரி எழுது' என்று கேட்டிருக்கிறாய். அது இப்படி எழுதியது: 'உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட வாசித்தேன். கோதுமை துளியும் இல்லை. என் பேத்திக்குக் கொடுக்கிற மாதிரி நம்பிக் கொடுக்கலாம்.' எனக்குப் பேத்தி இல்லை. அன்று நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தை, பார்த்துச் சொன்ன சத்தியமாக மாறிவிட்டது. நீ அதை ஒரு தடவை வாசித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டாய்.

போன வாரம் பாணேரிலிருந்து ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம், ஈராவின் அப்பா என்றே சொல்கிறேன். மகளுக்குச் சீலியாக் என்ற நோய், கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்றார். குரலில் கோபமே இல்லை. பொடியில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹிங், அதாவது பெருங்காயம் என்றதும் நிறுத்தினார். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, ஒருமுறை பார்க்க முடியுமா காகா என்றார். நான் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திருப்பினேன். புதுக் கண், நன்றாகத் தெரிந்தது. கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று அந்த வரிசையில் இருந்தது. கோதுமை மாவுக்குப் பின்னால்தான் பெருங்காயமே வருகிறது. நான் அதை அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். அவர் அதை முழுக்கக் கேட்டார். பிறகு, "காகா, தும்ஹீ லிஹில ஹோத நா?" என்றார். நீங்கள் எழுதியிருந்தீர்களே என்று. அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இதைத்தான் நீ நேற்று, 'என்னைக் கேக்காம ஏன் போனீங்க' என்று கத்தினாய். கேட்டால் நீ போக விட்டிருக்க மாட்டாய், அதனால்தான். அங்கே நடந்ததை நீ முழுக்கக் கேட்காமலே எழுந்து போய்விட்டாய். இப்போது கேள். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் உயர் வகுப்புப் படிக்கிறாள். நோய் தெரிந்த பிறகு அவளுக்கு வாய்க்கு ருசியாக எதுவும் கொடுக்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஜோவார் பாக்ரிக்கு, அதுதான் அவர்கள் சோள ரொட்டிக்கு, நம் பொடியைக் குழைத்துக் கொடுத்தபோதுதான் பிள்ளை இரண்டாவது பாக்ரி கேட்டாளாம். அன்றிலிருந்து தினமும் அதே. கொஞ்ச நாளில் வயிற்றுவலி திரும்ப வந்துவிட்டது, உடம்பு இளைத்தது, பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வீட்டில் பாத்திரத்தையெல்லாம் மாற்றினார்கள். மாவு அரைக்கிற மில்லை மாற்றினார்கள். சமைக்க வந்த அம்மாளை நிறுத்தினார்கள். பொடியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, அதைத்தான் அப்பா காகா டப்பா டப்பாவாக வாசித்துப் பார்த்துவிட்டாரே! கடைசியில் மகளையே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனமாக வடாபாவ் தின்கிறாய் என்று அவள் அப்பா தினமும் அவள் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். இல்லை என்று அவள் அழ அழ, பொய் சொல்கிறாய் என்று ஒரு நாள் கை ஓங்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் பெற்ற மகளை நம்பவில்லை, என்னை நம்பியிருக்கிறார். முகம் தெரியாத என்னை. நானே எழுதாத என்னை.

இன்னும் ஒன்று நடந்தது, அதை உன் அம்மாவிடம்கூட இன்றுதான் சொன்னேன். நான் கிளம்ப எழுந்தபோது அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்பா காகா, தும்சா குடகா கஸா ஆஹே?" என்று கேட்டாள். உங்கள் முட்டு எப்படியிருக்கிறது என்று. நான் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி அவர்கள் வீட்டுக்குப் போனவன். எனக்கு வலியே கிடையாது, அதை எழுதினதும் நான் இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. 'பரா ஆஹே', தேவலை என்றேன். ஒரு பொய்யைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது டாக்டர் செய்யக் கூடாது என்று சொன்னதைச் செய்துகொண்டே வந்தேன்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. திங்கட்கிழமை அந்தப் பெரிய கடைக்காரர்கள் வருகிறார்கள், தங்கள் கடைகளிலெல்லாம் நம் பொடியை வைப்பதா என்று முடிவு செய்ய. அவர்களைப் பிடித்ததே நம் பக்கத்தைக் காட்டித்தான். இந்த வருஷம் முழுக்க நீ அதற்காக அலைந்திருக்கிறாய், சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டாய். நேற்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா, நீங்க பென்ஷன் வாங்கறீங்க, உங்களுக்கு உண்மை பேசறது ஈஸி. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. சுனிதா அக்காவுக்கும் இதுதான் இருக்கு." சுருக்கென்று தைத்தது. பொய்யில்லை அது. அதனால்தான் நானும் குரலை உயர்த்தினேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் உடனே தேடிப் பிடித்தாய், பழைய பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாய், ஈராவின் அப்பாவிடம் ஃபோனில் மன்னிப்பும் கேட்டாய். "ஒருத்தருக்குத்தானே ஆச்சு, அவர்கிட்ட ஸாரி சொல்லிட்டோம்ல? பஸ் கரோ அப்பா, போதும்" என்றாய்.

ஒருத்தருக்குத்தான் என்று உனக்கு யார் சொன்னது? ஃபோன் செய்தவர் ஒருவர். ஃபோன் செய்யாதவர்கள்? எங்கோ ஒரு வீட்டில் இன்று இராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தப் பாக்கெட் திறக்கப்படும். கரண்டியில் எடுத்துப் பிள்ளை தட்டில் போடுவார்கள். நாளைக்கு அதற்கு வயிறு வலிக்கும், வேறு எதையாவது சந்தேகப்படுவார்கள், வேறு யாரையாவது திட்டுவார்கள். நீ எனக்கு அனுப்பியிருக்கிற நாளைய பதிவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? 'உங்கள் அப்பா உங்களுக்காக இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்' என்று ஆரம்பிக்கிறது. புதிய, இன்னும் தூய்மையான பொடி என்கிறது. நான் கடை கடையாக ஏறி இறங்கி நல்ல பெருங்காயம் தேடினேனாம், முட்டு வலியோடு. வீட்டில் இருக்கிற பழைய பாக்கெட்டைத் தூக்கி எறியுங்கள் என்று எங்கேயும் இல்லை. அதை வாசிக்கிற ஒரு தாய், சரி, இது தீர்ந்ததும் புதிசு வாங்கலாம் என்று நினைத்து, இருக்கிறதைத்தான் தீர்ப்பாள். தப்பை மறைப்பதோடு நிற்கவில்லை அது, தப்புக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுகிறது.

அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும், நீ சொல்லிக் கொடுத்த மாதிரிதான். எங்கள் இட்லிப் பொடியில் கோதுமை இருக்கிறது. பெருங்காயத்தில் இருந்தது, நாங்கள் டப்பாவை வாசிக்கவில்லை. வாசித்தேன் என்று என் பெயரில் வந்த பதிவு பொய். கோதுமை ஆகாதவர்கள் இன்றே வீசிவிடுங்கள், சாப்பிட்டவர்கள் டாக்டரைப் பாருங்கள். சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் வந்தவற்றை எழுதியது நான் இல்லை, ஓர் இயந்திரம். எனக்கு முட்டு வலி இல்லை. பாணேரில் ஒரு பெண் பிள்ளை எதையும் திருடித் தின்னவில்லை, அவள் சொன்னது நிஜம். இவ்வளவுதான். மழையும் சன்னலும் வேண்டாம். இயந்திரம் எழுதியது என்பதை மட்டுமாவது விட்டுவிடலாமே, கோதுமையைச் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். நேற்றும் கேட்டாய். போதாது. கோதுமையைச் சொன்னால் பொடியைத்தான் திருத்துகிறோம். அடுத்த தடவை நான் 'பார்த்தேன்' என்று எழுதினால் எவள் தன் பிள்ளைக்கு நம்பிக் கொடுப்பாள்? கடைக்காரர்கள் திங்கட்கிழமை முகத்தைச் சுளிக்கலாம், வராமலே போகலாம். அதற்கு நான் உனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. போகும், அநேகமாகப் போய்விடும். அப்புறம் சுனிதாவுக்கு என்ன செய்வது என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்துதான் யோசிக்க வேண்டும், என் பென்ஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உன் அம்மா, நான் பாணேர் போய் வந்த அன்றிலிருந்து, அடுப்பைப் பற்ற வைக்கிறாள், அணைக்கிறாள், வாணலியை வைக்க மாட்டேன் என்கிறாள். 'அந்தப் பிள்ள இன்னைக்குச் சாப்பிட்டாளாமா?' என்று காலையும் மாலையும் என்னை ஃபோன் செய்து கேட்கச் சொல்கிறாள். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். "பெருங்காயம் போட்டது நாந்தான. நீங்களும் அவளும் ஏன் அடிச்சுக்கிடுதிய? எம் பேரையும் போடச் சொல்லுங்க." போட வேண்டுமென்றால் போடு. ஊர் பூராவும் தன் மானம் போயிற்று என்று சொன்னவள்தான் இப்போது இதைச் சொல்கிறாள்.

நான் நினைத்தால் உன் பக்கத்துக்குள் நுழைந்து அந்தப் பதிவை அழித்திருக்க முடியும். செய்யவில்லை. அது நீ உருவாக்கியது, நிறுத்த வேண்டியதும் நீதான். ஆனால் நாளைக் காலை அது என் பெயரில் வெளிவந்தால், அதன் கீழே முதல் ஆளாக நான் பதில் எழுதுவேன். என் சொந்தப் பெயரில், என் சொந்தப் படத்தோடு. 'இதை எழுதியது நான் இல்லை. பழைய பாக்கெட்டை வீசிவிடுங்கள், கோதுமை இருக்கிறது.' அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். உன்னை நான் ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துகிறேன் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எழுதி முடித்த கையோடு அடுத்த ஆட்டோவில் நீ இருக்கிற இடத்துக்கு வருவேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் உட்கார்ந்திருப்பேன், வருகிற வசவையெல்லாம் உன்னோடு சேர்ந்து வாங்கிக்கொள்வேன். ஆனால் எழுதாமல் இருக்க மாட்டேன். அந்த மனிதர் தன் மகளை நம்பாமல் என்னை நம்பினார். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளை நம்பி இன்று இராத்திரி வரை காத்திருக்கிறேன்.

உன் அப்பா